நேர்த் தையல் மட்டும் தெரிந்தவர் வீட்டுக்கும் உடுத்தவும் என்னென்ன தைக்கலாம்?

கேள்வி இது: சென்னை மடிப்பாக்கத்தில் வாடகை வீடு. ஊரிலிருந்து அம்மாவின் பழைய மிதி மெஷின் வந்திருக்கிறது. நேராகத் தைக்க மட்டும் ஓரளவு வரும். அலமாரியில் பழைய காட்டன் புடவை, சட்டை, பேண்ட் நிறைய இருக்கின்றன. அதிகம் செலவில்லாமல் வீட்டுக்கும் உடுத்துவதற்கும் எதை முதலில் தைப்பது?

ஒரு காட்டன் புடவையை எடுத்து அதிலேயே தொடங்குங்கள். அந்த ஒரு புடவையில் ஒரு பாவாடை, இரண்டு தலையணை உறை, ஒரு ஜன்னல் திரை தேறும். எல்லாமே நேர்த் தையல்தான். கழுத்து வளைவு, கை வளைவு, காஜா எதுவும் கிடையாது. முதல் வேலையாக ரவிக்கையை எடுத்துவிட்டு, கை கூடவில்லை என்று மெஷினை மூடிவைத்தவர்கள் நிறையப் பேர். உங்களுக்கு அது வேண்டாம்.

முதலில் மெஷின். பல வருடம் ஓடாத மெஷினில் எண்ணெய் பிசினாக இறுகியிருக்கும். மெஷின் எண்ணெயை எல்லா ஓட்டைகளிலும் இரண்டு சொட்டு விட்டு, ஊசியைக் கழற்றிவிட்டுப் பத்து நிமிடம் வெறுமனே மிதியுங்கள். பிறகு ஒரு பழைய துணியைத் தைத்து எண்ணெயைத் துடைத்தெடுங்கள். கைக்கு எட்டுகிறது என்று தேங்காய் எண்ணெய் விட்டுவிடாதீர்கள், நாள்பட அதுவே பசையாகிப் பிடித்துக்கொள்ளும். மிதிக்கும்போது கைச்சக்கரம் எப்போதும் உங்களை நோக்கித்தான் சுற்ற வேண்டும். எதிர்ப்பக்கம் சுற்றினால் நூல் அறுந்து, அடி நூல் சுற்றிய பாபின் உட்காரும் கேஸில் சிக்கும். பெல்ட் தளர்ந்து நழுவினால் புது பெல்ட் தேவையில்லை. கம்பிக் கொக்கியைக் கழற்றி, தோல் பெல்ட்டில் அரை இன்ச் வெட்டி, புதிதாக ஓட்டை போட்டு மாட்டினால் பிடித்துக்கொள்ளும்.

பழைய ஊசியைத் தூக்கிப் போடுங்கள். சென்னைக் காற்றில் திறந்து வைத்த ஊசி துருப்பிடிக்கும், துரு ஊசி துணியின் நூலை இழுக்கும். புடவைத் துணிக்கு 14-ஆம் எண், ஜீன்ஸுக்கு 16 அல்லது 18. ஊசியின் ஒரு பக்கத்தில் மேலிருந்து கண் வரை நீளமாக ஒரு பள்ளம் ஓடும். நூல் எந்தப் பக்கத்திலிருந்து ஊசிக்குள் நுழைகிறதோ அந்தப் பக்கம் அந்தப் பள்ளம் இருக்க வேண்டும். மெஷினுக்கு மெஷின் அந்தப் பக்கம் மாறும். ஊசி திரும்பியிருந்தால் தையல் தாவித் தாவி விழும். மெஷின் கெட்டுவிட்டது என்று மெக்கானிக்கைக் கூப்பிடும் பாதிச் சமயம் காரணம் இவ்வளவுதான்.

அடுத்து டென்ஷன், அதாவது நூலின் இறுக்கம். மேலே கறுப்பு நூல், பாபினில் வெள்ளை நூல் போட்டு, இரண்டு மடிப்புத் துணியில் ஒரு சாண் தைத்துப் பாருங்கள். துணியின் மேல்பக்கம் வெள்ளைப் புள்ளி தெரிந்தால் மேல் நூல் இறுக்கம்; டென்ஷன் திருகைக் கொஞ்சம் தளர்த்துங்கள். அடிப்பக்கம் கறுப்பு நூல் கொசகொசவென்று கொத்தாக நின்றால் மேல் நூல் தளர்வு. பெரும்பாலும் நூல் டென்ஷன் தட்டுகளுக்கு நடுவே உட்காராமல் வெளியே ஓடியிருக்கும். துணியை அழுத்தும் பாதத்தைத் தூக்கி வைத்துவிட்டு மறுபடி நூலைக் கோத்துவிடுங்கள். ஒரு இன்ச்சில் பத்துத் தையல் விழுகிற அளவு வைத்தால் கீழே சொல்லும் எல்லாவற்றுக்கும் சரியாக இருக்கும்.

இனி துணி. பழைய புடவையில் பாதிதான் பலமாக இருக்கும். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள்: உட்காரும் இடம், குதிகால் உரசும் கீழ்ப் பார்டர், தோளில் பின் குத்திய முந்தானை, இந்த மூன்றும்தான் முதலில் நைந்துபோகும். இரண்டு கட்டைவிரலையும் சேர்த்துவைத்து மெல்ல இழுங்கள். நூல் விலகினாலோ டிக்கென்று சத்தம் வந்தாலோ அந்த இடம் தையல் தாங்காது. அதை விட்டுவிட்டுத் திட்டம் போடுங்கள்.

காட்டன்தானா என்ற சந்தேகம் இருந்தால் ஓரத்திலிருந்து நாலு நூல் பிரித்து, சிங்க் பக்கத்தில் நின்று கொளுத்திப் பாருங்கள். பஞ்சு நூல் காகிதம் மாதிரி எரிந்து, தேய்த்தால் பொடியாகிற சாம்பலாகும். பாலியஸ்டர் சுருங்கி உருகி, ஆறியதும் கறுப்பு மணியாக இறுகும். கரித்துணி தைக்கும்போது இந்தச் சோதனை ரொம்ப முக்கியம்.

வெட்டும் கணக்குக்கு வருவோம். புடவை ஐந்தரை மீட்டர், அதாவது சுமார் 216 இன்ச். அகலம் 46 இன்ச் என்று வைத்துக்கொள்வோம், உங்களுடையதை அளந்துவிடுங்கள். பாவாடைக்கு 88 இன்ச், இரண்டு தலையணை உறைக்கு 64 இன்ச், திரைக்கு மிச்சம் 64 இன்ச். நைந்த இடம் நடுவில் வந்தால் திரையைச் சின்னதாக்குங்கள், பாவாடையில் கை வைக்காதீர்கள். குறுக்கே வெட்டுவதற்குக் கத்தரிக்கோலால் கோடு போட்டு வெட்டுவதைவிட, பார்டரை மட்டும் வெட்டிவிட்டு உடம்புத் துணியைக் கையால் கிழியுங்கள். காட்டன் ஊடை நூலோடு நேராகக் கிழியும். கோணல் வெட்டுதான் பிறகு ஒரு பக்கம் தூக்கித் தொங்கும் பாவாடைக்குக் காரணம். கிழித்த ஓரம் சுருங்கி நிற்கும், லேசாகத் தண்ணீர் தெளித்து இஸ்திரி போட்டால் படியும்.

பாவாடையின் அழகு, அதற்கு ஒரே ஒரு மூட்டுத் தையல்தான். பார்டர் கீழே வருமாறு வையுங்கள். அது ஏற்கெனவே முடிந்த ஓரம், மடித்துத் தைக்க வேண்டியதில்லை. உயரம் எவ்வளவு வேண்டுமோ அதோடு 1¾ இன்ச் சேர்த்து மேலே வெட்டுங்கள். 36 இன்ச் பாவாடைக்கு 37¾. இடுப்புக்குக் கீழே சுற்றளவு 40 இன்ச் இருப்பவருக்கு 88 இன்ச் துணி, இரண்டு மடங்குக்குச் சற்று மேல். நடக்கவும் படியேறவும் தாராளமாக இருக்கும்.

இரண்டு கிழித்த ஓரங்களையும் மூட்ட பிரெஞ்ச் தையல் போடுங்கள். ஓவர்லாக் இல்லாத வீட்டில் துணி பிசிறாமல் காப்பது இதுதான், இதை ஒருமுறை சரியாகப் பழகிவிட்டால் கீழே உள்ள பலவற்றுக்கும் உதவும். வழக்கமாக நல்ல பக்கங்களை உள்ளே வைத்துத் தைப்போம். இதில் முதலில் நல்ல பக்கங்கள் வெளியே தெரியும்படி சேர்த்து, ஓரத்திலிருந்து கால் இன்ச்சில் ஒரு தையல். பிறகு அந்தக் கால் இன்ச்சை அரைக்கால் (⅛) இன்ச்சாக நறுக்குங்கள். பிசிறு ஒன்றுகூட நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. தையலை விரித்து இஸ்திரி போட்டு, துணியை உள்பக்கம் வெளியே வருமாறு திருப்பி, தையல் சரியாக மடிப்பின் விளிம்பில் வரும்படி மறுபடி இஸ்திரி போடுங்கள். இப்போது காலே அரைக்கால் (⅜) இன்ச்சில் இரண்டாவது தையல். நறுக்கிய ஓரம் முழுக்க உள்ளே அடைபட்டுவிடும். நல்ல பக்கத்தில் தையல் ஓரம் நெடுக முடி முளைத்தது போல் நூல் நீட்டினால், நறுக்குவதில் சோம்பல்பட்டிருக்கிறீர்கள் அல்லது இரண்டாவது தையலை ஒட்டிப் போட்டுவிட்டீர்கள். நடுவில் இஸ்திரி போடாமல் விட்டுவிட்டால் அந்த இடம் கயிறு மாதிரி உருண்டு நிற்கும்.

இடுப்பில் அரை இன்ச் உள்ளே மடித்து, மறுபடி 1¼ இன்ச் மடித்து, கீழ் மடிப்பை ஒட்டித் தைத்துக்கொண்டே வந்து, 2 இன்ச் வாய் விட்டுவிடுங்கள். மேல் விளிம்பிலிருந்து அரைக்கால் இன்ச் தள்ளி ஒரு தையல் சுற்றிலும் போடுங்கள். ஒரு இன்ச் எலாஸ்டிக் உள்ளே புரளாமல் இருக்க இந்தத் தையல் வேண்டும். எலாஸ்டிக் நீளம் இடுப்பளவில் 3 இன்ச் குறைத்து, மேலேற்றித் தைக்க 1 இன்ச் கூட்டியது. 32 இன்ச் இடுப்புக்கு 30. ஒரு முனையில் ஊக்கு குத்தி உள்ளே தள்ளுங்கள், மறு முனையைப் பாவாடையோடு இன்னொரு ஊக்கால் குத்தி வைக்காவிட்டால் அதுவும் உள்ளே ஓடிவிடும். முனைகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஒரு இன்ச் ஏற்றி, சதுரமாகத் தைத்து, குறுக்கே பெருக்கல் குறி போடுங்கள். சுருக்கத்தைச் சமமாகப் பரப்பிய பிறகு, மூட்டுத் தையல் மேலும் அதற்கு நேர் எதிரேயும் எலாஸ்டிக்கோடு சேர்த்துச் செங்குத்தாக ஒரு தையல். இல்லாவிட்டால் துவைக்கும்போதெல்லாம் உள்ளே முறுக்கிக்கொள்ளும். புடவைத் துணி மெல்லியது, உள்பாவாடையோடுதான் உடுத்த வேண்டும்.

தலையணை உறைக்கு நம் ஊரில் பரவலாகக் கிடைக்கும் 17-க்கு 27 இன்ச் தலையணையைக் கணக்கில் கொள்வோம். உறை முடிந்து 18-க்கு 28 இருந்தால் நுழைக்கக் கஷ்டமிருக்காது. ஒரே துண்டு, 64 இன்ச் நீளம், 19¼ இன்ச் அகலம். முன்பக்கம் 28, பின்பக்கம் 28, உள்ளே செருகும் மடல் 6, இரண்டு முனை மடிப்புக்கு ஒவ்வொரு இன்ச். ஜரிகை பார்டர் கன்னத்தில் உறுத்தும். அப்படிப்பட்ட புடவையில் பார்டரைத் தவிர்த்து நடுத் துணியை மட்டும் எடுங்கள்.

இரண்டு குறுகிய முனைகளையும் கால், முக்கால் என மடித்துத் தைத்துவிடுங்கள். நல்ல பக்கம் தரையைப் பார்க்க விரித்து, ஒரு முனையில் 6 இன்ச் மடலை உள்பக்கமாக மடியுங்கள். மறு முனையைக் கொண்டுவந்து அந்த மடிப்பு விளிம்போடு சேர வையுங்கள். மடல் இப்போது இரண்டு துணிக்கும் நடுவில் இருக்கும். இரண்டு பக்கமும் பிரெஞ்ச் தையலின் முதல் தையல், நறுக்கு, திருப்பு, இரண்டாவது தையல். மறுபடி வெளியே திருப்பினால் ஜிப் இல்லாத, பொத்தான் இல்லாத உறை. மடலின் இரண்டு முனைகளில்தான் தலையணை நுழையும்போது இழுவை விழும். அங்கே முன்னும் பின்னும் மூன்று முறை ஓட்டிக் கெட்டிப்படுத்துங்கள். பழைய மெஷினில் பின்தையல் வராவிட்டால் துணியைத் திருப்பிவைத்து அதே கோட்டில் தைக்க வேண்டியதுதான்.

மிச்சம் 64 இன்ச்சை இரண்டரை அடி அகலமுள்ள ஜன்னலுக்குத் திரையாகத் தொங்கவிடலாம். துணி அகலம் ஜன்னலைப் போல ஒன்றரை மடங்காவது இருந்தால்தான் கொசுவம் விழும், இங்கே அது அமைந்துவிடுகிறது. இரண்டு பக்கமும் பார்டர் ஓடுவதால் பக்க மடிப்பு வேலையும் இல்லை. கம்பியைச் சுற்றி டேப்பால் அளந்து, அதில் பாதியோடு அரை இன்ச் சேர்த்தால் கம்பி நுழையும் பையின் உயரம். ஒரு இன்ச் கம்பிக்கு 2¼ இன்ச் தாராளம். கீழே 3 இன்ச் மடிப்பு வையுங்கள், அந்தக் கனம்தான் மின்விசிறிக் காற்றில் திரையைப் படபடக்காமல் நிறுத்தும். திரைக்குப் புதுத் துணி வாங்கினால் வெட்டும் முன் ஒரு இரவு தண்ணீரில் ஊறவைத்து உலர்த்தி இஸ்திரி போட்டாக வேண்டும். புதுக் காட்டன் முதல் துவைப்பில் நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து வரை சுருங்கும். ஐந்தடித் திரையில் அது மூன்று இன்ச் வரை. அடுத்த மாதம் திரை ஜன்னல் கட்டைக்கு மேலே நிற்கும். ஊறவைக்கும் தண்ணீரில் உப்புப் போட்டால் சாயம் நின்றுவிடும் என்பார்கள், நிற்காது. நாலைந்து தடவை தனியாகத் துவைத்து மிகுதிச் சாயத்தை வெளியேற்றுவதுதான் வழி. புதிதாக வாங்குவதானால் ஜார்ஜ் டவுனில் கோடவுன் தெரு, பழைய வண்ணாரப்பேட்டையில் எம்.சி. ரோடு. கட் பீஸ் கேளுங்கள், முழு அகலம் எவ்வளவு என்று கேட்டு வாங்குங்கள்.

அடுத்தது பை. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை, 2021 டிசம்பரில் மீண்டும் மஞ்சப்பை இயக்கமும் வந்தது. ஆனால் மெல்லிய துணிப்பையில் நாலு தேங்காய் போட்டால் காது பிய்ந்துவிடுகிறது என்பதுதான் எல்லோருடைய குறை. அதற்குத் தைக்கும் முறைதான் காரணம். பழைய திரைச்சீலை அல்லது கனத்த பெட்ஷீட்டில் 18-க்கு 40 இன்ச் ஒரு துண்டு. கைப்பிடிக்கு 4 இன்ச் அகலத்தில் இரண்டு பட்டை, கையில் பிடிக்க 20 இன்ச் நீளம், தோளில் மாட்ட 28. பட்டையை நாலாக மடித்தால் ஒரு இன்ச் வரும், இரண்டு ஓரமும் தையுங்கள். துண்டின் மேல் ஓரத்தை அரை இன்ச், பிறகு 1½ இன்ச் மடிக்கும்போது, கைப்பிடியின் முனையை அந்த மடிப்புக்குள் செருகிவிட்டு, மடிப்பைத் தைத்த பின் கைப்பிடியை மேலே தூக்கி, ஒன்றரை இன்ச் உயரத்துக்குச் சதுரமாகச் சுற்றித் தைத்துப் பெருக்கல் குறி போடுங்கள். ஒற்றைக் கோடு மட்டும் தைத்தால் முழுப் பாரமும் பத்துத் தையலில் விழும். சதுரமும் குறுக்கும் சேர்ந்தால் பாரம் துணி முழுக்கப் பரவும். இரண்டு முனைக்கும் இடையே 7 இன்ச் விடுங்கள்.

பக்கங்களைப் பிரெஞ்ச் தையலில் மூட்டி, உள்பக்கம் வெளியே இருக்கும்போது, பக்கத் தையலை அடி மடிப்பின் மேல் கொண்டுவந்து வையுங்கள். மூலை முக்கோணமாக நிற்கும். கூர்முனையிலிருந்து 2 இன்ச் தள்ளிக் குறுக்கே கோடு போட்டால் அது 4 இன்ச் நீளம் இருக்கும், அதன்மேல் இரட்டைத் தையல். முக்கோணத்தை வெட்டாமல் அடியோடு சேர்த்துத் தைத்துவிடுங்கள், அடி கூடுதல் கனமாகும். இப்படிச் செய்தால் பை தரையில் நிற்கும். ஜீன்ஸில் தைப்பதாக இருந்தால் பிரெஞ்ச் தையல் வேண்டாம், நாலு மடிப்பு ஒரே இடத்தில் சேர்ந்து ஊசி உடையும். சாதாரணத் தையலை இரட்டையாகப் போட்டு, ஓரத்துக்குத் தெருமுனை டெய்லர் கடையில் ஓவர்லாக் மட்டும் அடித்து வாங்குங்கள். தடித்த மூட்டை மெஷினில் ஏற்றும் முன் சுத்தியால் ரெண்டு தட்டு தட்டி, அந்த இடத்தைக் காலால் மிதிக்காமல் கைச்சக்கரத்தைச் சுற்றித் தாண்டுங்கள்.

சட்டைகளைக் குஷன் உறையாக்கலாம், பொத்தான் பட்டியே திறப்பாகிவிடும். பொத்தானைப் பூட்டி, பட்டி நடுவில் வருமாறு முன்பக்கத்திலிருந்து 17 இன்ச் சதுரம், முதுகிலிருந்து இன்னொன்று. அரை இன்ச்சில் மூட்டினால் 16 இன்ச் குஷனுக்குக் கச்சிதம். தையல் கோட்டில் பொத்தான் வந்தால் முதலிலேயே பிடுங்கிவிடுங்கள், ஊசி உடைந்து கண்ணுக்குத் தெறிக்கும்.

கரித்துணிக்கு 9 இன்ச் சதுரமாக ஜீன்ஸ் இரண்டு, பழைய டவல் இரண்டு. டவலைக் கீழே வைத்து, மேலே ஜீன்ஸை நல்ல பக்கங்கள் சேர வைத்து, 3 இன்ச் வாய் விட்டுத் தைத்துத் திருப்பி, வாயை மூடி, மூலைக்கு மூலை தைத்தால் உள்ளே நகராது. பாலியஸ்டர் கலந்த துணி சூடான குக்கரில் உருகிக் கையோடு ஒட்டும், கூடவே கூடாது. ஈரமான கரித்துணியும் ஆபத்து, தண்ணீர் சூட்டை நேராகக் கைக்குக் கடத்தும். இரண்டு தைத்து மாற்றி மாற்றி வையுங்கள்.

உடுத்தும் துணியில் காசை உண்மையிலேயே மிச்சப்படுத்துவது புதிதாகத் தைப்பதல்ல, இறுகிப்போன ரவிக்கையைப் பிரித்துவிடுவதுதான். நல்ல டெய்லர் பக்கத்தில் ஒரு இன்ச்சாவது உள்துணி விட்டு, இரண்டு மூன்று தையல் ஓட்டியிருப்பார். ஒவ்வொரு பக்கமும் கால் இன்ச் வெளியே தள்ளினால் முன்னும் பின்னும் சேர்ந்து ஒரு பக்கம் அரை, இரண்டு பக்கமும் சேர்ந்து ஒரு இன்ச் கிடைக்கும். ஆகவே ஒரேயடியாக எல்லாத் தையலையும் பிரிக்காதீர்கள். முதலில் வெளிக்கோட்டில் புதுத் தையல் போட்டு, கையின் வாய் வரை கொண்டுபோய் முடித்து, அதற்குப் பிறகே பழைய தையலைப் பிரியுங்கள். அக்குளில் மட்டும் தளர்த்திவிட்டுக் கையை விட்டுவிட்டால் அங்கே சுருக்கம் விழும். பழைய ஊசித் துளைக்கோடு காட்டனில் தண்ணீர் தெளித்து இஸ்திரி போட்டால் மங்கும், பட்டில் தங்கிவிடும். பட்டு ரவிக்கையில் உள்பக்கம் பார்த்த பிறகே கை வையுங்கள்.

கடைசியில் மிஞ்சும் பட்டைகளும் பனியன் டி-ஷர்ட்டுகளும் கால்மிதியாகும். 3 இன்ச் பட்டைகளாக வெட்டி, மூன்றைச் சடையாகப் பின்னுங்கள். மூன்று பட்டையும் வெவ்வேறு நீளத்தில் தொடங்கினால் ஒட்டுப் போடும் இடங்கள் ஒரே இடத்தில் சேர்ந்து முடிச்சாகாது. சடையைத் தரையில் தட்டையாக வைத்துச் சுற்றிக்கொண்டே, பக்கத்துச் சடையோடு கை ஊசியால் இரட்டை நூலில் தையுங்கள். மடியில் வைத்துத் தைத்தால் நம்மையறியாமல் சடையை இழுப்போம், வெளிச்சுற்றுக்கு நீளம் போதாமல் கால்மிதி கிண்ணமாகக் குவியும். குவிய ஆரம்பித்தால் மேலும் தைத்துக்கொண்டே போகாமல் இரண்டு சுற்றுப் பிரித்து, வளைவில் சடையைக் கொஞ்சம் தளர்வாக விட்டுத் தையுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் தடித்த கால்மிதி காயாமல் நாறும். ஒரே சடை கனத்தில் நிறுத்தி, பெரிதாக ஒன்று செய்வதைவிடச் சின்னதாக இரண்டு செய்துவைத்தால் ஒன்று வாசலில் இருக்கும்போது மற்றது கொடியில் காயும்.